சுனாமி என்னும் ஒரு சொல்



இந்த வாரச் சிந்தனையை என் தவறொன்றை அறிக்கை செய்து தொடங்குகிறேன். வருகிற உபவாசக் கூட்டத்துக்காக அத்திப்பட்டு ரயில் நிலையச் சாலையில் நாம் கட்டியிருந்த பதாகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘எழுப்புதல் சுனாமி’ என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். அந்தத் தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். வாலிபர் கூட்டத்தில் அதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளூரச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின், மூதாட்டி ஒருவர் மட்டும் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். வடசென்னைக் கடலோரக் குப்பமொன்றில் மீன் விற்று வாழ்ந்தவர். இப்போது மகன் வீட்டோடு இங்கே இருப்பவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை.

“ஐயா, அந்த பேனர்ல இருக்கிற பேர மாத்த முடியுமா?”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“சுனாமி எதயும் குடுக்காதுய்யா. எடுத்துக்கினு போவும், அவ்ளோதான்.”

அவ்வளவே சொன்னார். ஆறு வயதுப் பேத்தியை அந்த அலையில் அவர் இழந்திருந்தார் என்பதை மகன் பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். ஆறேழு ஆண்டுகளாக அவருக்குப் போதகனாக இருக்கிறேன்; இதைக் கேட்டறியாமலே இருந்திருக்கிறேன்.

அன்று முதல் இந்தச் சொல் என்னை விடவில்லை. 2004 டிசம்பர் 26-க்கு முன் நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருந்தோம்? அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். விடியற்காலை, நம் நேரப்படி ஆறரை மணிக்குச் சற்று முன், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலைகள் நம் கரையை அடைந்தன. அப்போது வேறொரு சபையில் உதவிப் போதகனாக இருந்த நான் காலை ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்று யாரோ ஓடிவந்து சொன்னார். அன்று காலை நம் ஜனங்கள் சொன்ன வார்த்தை அதுதான்: கடல் உள்ளே வந்துவிட்டது. ‘சுனாமி’ என்பது மாலையில் தொலைக்காட்சி கொண்டுவந்த சொல். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தார். தங்களைக் கொன்றது இன்ன பெயருடையது என்று அறியாமலேயே அவர்களில் அநேகர் போய்விட்டார்கள்.

அது ஜப்பானியச் சொல். ‘ட்சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. துறைமுக அலை. ஆழ்கடலில் இந்த அலை ஒரு மீட்டர் உயரம்கூட எழும்புவதில்லை; ஆனால் விமானத்தின் வேகத்தில் ஓடுகிறது. படகிலிருப்பவன் அதை உணர்வதே இல்லை. கரையை நெருங்கிக் கடல் ஆழம் குறையும்போதுதான் அது வேகம் தணிந்து, மதிலைப்போல் எழும்புகிறது. கடலுக்குப் போன மீனவர்கள் ஒன்றும் அறியாமல் திரும்பிவந்து, துறைமுகம் மட்டும் அழிந்துகிடக்கக் கண்டதால் அப்படிப் பெயரிட்டார்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. நம் கரையிலும் அப்படித்தானே நடந்தது? ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பிழைத்தார்கள். கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்களும், மணலில் விளையாடிய பிள்ளைகளும் போனார்கள். காமராஜர் துறைமுகத்தின் நுழைவுச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போகும் சகோதரர்கள் நம் சபையில் பலர் உண்டு. துறைமுகம் என்பது புயலுக்குத் தப்பி ஒதுங்குமிடம். ஒதுங்குமிடத்திலேயே வந்து அடிக்கிற அலை என்பதுதான் அந்தப் பெயரில் உறைந்திருக்கும் துயரம்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. கடல்கோள் என்று நம் பழைய உரைகள் சொல்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. 2004-க்குப் பின் ஆழிப்பேரலை என்ற சொல்லும் வழங்கத் தொடங்கியது. அழகான சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் குப்பத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் வாயில் நிலைத்தது அந்நியச் சொல்லே. நிலைத்தபின் அது கிளைவிட்டது. நிவாரணமாக வந்தது சுனாமிப் பணம். மறுவாழ்வுக்குக் கட்டியவை சுனாமி வீடுகள். எர்ணாவூரில் இன்றைக்கும் ஷேர் ஆட்டோக்காரர் ‘சுனாமி, சுனாமி’ என்று கூவினால் எவரும் அஞ்சி ஓடுவதில்லை. குடியிருப்புக்குப் போகிறவர்கள் ஏறிக்கொள்வார்கள். துடுக்கான பிள்ளைக்கு அது பட்டப்பெயர். தேர்தல் மேடையில் அது வாக்கு அலை. என் பதாகையில் அது ஆசீர்வாதமாகிவிட்டது.

இறையியல் கல்லூரியில் எபிரெயம் கற்றபோது, ‘யாம்’ என்ற சொல் கடலையும் மேற்குத் திசையையும் குறிக்கும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். இஸ்ரவேலருக்குக் கடல் மேற்கே இருந்தது. ஆகவே திசைக்கே கடல் என்று பெயரானது. ஒரு சொல்லின் பொருளைப் பேசுகிறவன் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது என்று அன்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சையில் மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த அம்மாள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க முப்பது ஆண்டுகள் ஆயின. அவருடைய குடும்ப அட்டையில் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது. சுனாமி குடியிருப்பு, இன்ன பிளாக், இன்ன எண். பேத்தியைக் கொண்டுபோனதன் பெயரை நீட்டித்தான் அவர் மாதாமாதம் அரிசி வாங்கியிருக்கிறார்.

அந்த நாட்களில் சில பிரசங்கிகள் இதைத் தேவ கோபம் என்றார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, மற்றவரிலும் அவர்கள் பாவிகளா என்று நம் ஆண்டவர் கேட்டு, இல்லை என்று அவரே சொன்னதை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். அதற்குமேல் அந்தப் பிரசங்கங்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

வேறொன்றைச் சொல்கிறேன். இந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களுக்கு முதன்முதலாகக் கொண்டுசென்ற எழுத்துகளில் ஒன்று, லாப்காடியோ ஹெர்ன் 1897-இல் வெளியிட்ட ஒரு கதை. பேரலை வருவதை மேட்டிலிருந்து கண்ட முதியவர் ஒருவர், கீழே கரையிலிருக்கும் ஊராரை மேலே வரவழைக்கத் தம் நெற்கதிர்க் குவியல்களுக்குத் தீ வைக்கிறார். அணைக்க ஓடிவந்தவர்கள் பிழைக்கிறார்கள். கதைக்குப் பின்னால் இருந்தவர் ஹமாகுச்சி கோரியோ என்னும் மெய்யான மனிதர், முதியவரல்லர், முப்பதுகளில் இருந்தவர். 1854-இல் தம் கிராமத்தை அலை தாக்கியபோது, இருளில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு மேட்டின் திசை தெரியும்படி வைக்கோற்போர்களைக் கொளுத்தினார். எனக்கு அதிலும் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பின் அவர் செய்தது. பிழைப்பிழந்த ஊராருக்குக் கூலி கொடுத்து, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கடலோரத்தில் ஒரு கரையை எழுப்பினார். 1946-இல் மீண்டும் அலை வந்தபோது, அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை நவம்பர் 5-ஐத் தெரிந்துகொண்டது அவர் கதையை வைத்துத்தான். அவர் கிறிஸ்தவர் அல்லர். இருந்தாலும் நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் இனி அவரும் என் நினைவுக்கு வருவார்.

அந்த அம்மாளிடம் திங்கட்கிழமை போய் மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்கய்யா, காபி சாப்பிடுங்க” என்றார். பேத்தியின் பெயரை அப்போது சொன்னார். சிறிது நேரம் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஊதா நிறப் பாவாடையைத் துவைக்கப் போடவே விடமாட்டாளாம்.

பழைய பதாகையை வாலிபர்கள் இறக்கிவிட்டார்கள். புதியதில் ‘உபவாச ஜெபக் கூட்டம்’ என்று மட்டும் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 காலையில் அவர் தனியாக எண்ணூர்க் கடற்கரைக்குப் போய்ப் பூப் போட்டுவிட்டு வருகிறார் என்று தெரிந்துகொண்டேன். இந்த ஆண்டு என் மனைவியும் நானும் அவருடன் போகிறோம். கூட வர விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்கு அத்திப்பட்டு நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், பூ மட்டும் கொண்டுவாருங்கள்.