சுகுஸ் பாட்டி

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு முகம் தெரியாத பலரின் பெயர் தெரியும். ஈசூனிலிருந்து வாரம் தவறாமல் அழைக்கும் அக்கா, இரவு வேலைக்குப் போகும் வழியில் பாட்டுக் கேட்கும் உட்லண்ட்ஸ் தம்பி என்று, குரலைக் கேட்டதுமே பெயர் சொல்லி வணக்கம் சொல்வேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் அருகிலேயே உட்கார்ந்திருந்தும் ஒருவரின் பெயர் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நாங்கள் ஞாயிறுதோறும் செல்வது ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து மாதா ஆலயம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1888ல் திறக்கப்பட்டது. அங்கே அம்மாவுக்கு மூன்றாவது வரிசைதான். பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டி இருப்பார். அம்மா அவரை 'அக்கா' என்பார், அவர் அம்மாவைத் 'தங்கச்சி' என்பார். மறையுரை நீண்டு என் மகள் நெளியத் தொடங்கினால், பாட்டியின் துணிப்பையிலிருந்து ஒரு சுகுஸ் மிட்டாய் வரும். அதனால் மகளுக்கு அவர் 'சுகுஸ் பாட்டி'.

2020 பிப்ரவரி 7ஆம் தேதி, கொவிட்-19 எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தது. பேரங்காடிகளில் அரிசியும் மேகி மீயும் காலியாயின. ஒரு வாரம் கழித்து, காதலர் தினத்தன்று, பேராயரின் அறிவிப்பு வந்தது. மறுநாள் நண்பகல் முதல் சிங்கப்பூரின் கத்தோலிக்க ஆலயங்கள் அனைத்திலும் திருப்பலி நிறுத்தம். காதல் பாடல்களுக்கு நடுவே என் கைப்பேசி அதிர்ந்தது.

"பூசை கிடையாதாமே, நெசமா?"

"ஆமாம்மா. நல்லதுக்குத்தான்."

அந்த முடிவு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வேறு இரண்டு தேவாலயங்களில் அப்போது கிருமித்தொற்றுக் குழுமங்கள் உருவாகியிருந்தன. தோளோடு தோள் உரச உட்கார்ந்து வாய்விட்டுப் பாடும் இடம் ஆலயம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு.

யூடியூப் திருப்பலியைத் தொலைக்காட்சியில் போட்டுக் கொடுத்தேன். அம்மா புடவை கட்டி, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தார். சமாதானம் பகிரும் நேரத்தில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அங்கே சோபாவின் கைப்பிடிதான் இருந்தது.

"அக்கா வீட்டுல இதெல்லாம் போட்டுக் குடுக்க ஆள் இருக்கோ என்னவோ."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

அம்மா பதில் பேசவில்லை. எண் இல்லை. பெயரும் தெரியாது. தோ பாயோ பக்கம் வீடு என்று ஒருமுறை சொன்னதாக நினைவு, அவ்வளவுதான்.

திருப்பலி நின்றாலும் முதலில் ஆலயக் கதவு திறந்தேதான் இருந்தது. தனியாகச் சென்று செபிக்கலாம். போய்வரட்டுமா என்று அம்மா இரண்டு முறை கேட்டார். நான்தான் தடுத்தேன். போயிருந்தால் ஒருவேளை பாட்டியைப் பார்த்திருப்பார். மார்ச் 14ல் மீண்டும் திருப்பலி என்றார்கள். அம்மா புடவையை இஸ்திரி போட்டு வைத்தார். நிலைமை மோசமாகி அதுவும் தள்ளிப்போக, புடவை அலமாரிக்குத் திரும்பியது. ஏப்ரல் 7ல் நாடே வீட்டுக்குள் அடங்கியது. அந்த வாரமே புனித வெள்ளியும் ஈஸ்டரும் வந்தன. இரண்டும் வரவேற்பறையிலேயே முடிந்தன.

அந்த நாள்களில் நிலையத்துக்கு முதியவர்களின் அழைப்பு கூடியது. பாட்டு கேட்பதற்கு அல்ல, பேசுவதற்காகவே அழைத்தார்கள். "உங்களுக்குத் தெரிந்த பெரியவர்களை நாளுக்கு ஒருமுறையாவது அழைத்து நலம் விசாரியுங்கள்" என்று நானும் தினமும் ஒலிவாங்கியில் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் அந்தத் துணிப்பை நினைவுக்கு வரும்.

ஜூன் 26 முதல் ஐம்பது பேர் வரை கூடி வழிபடலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. ஆனாலும் ஆண்டுக் கடைசியில்தான் அம்மாவை அழைத்துச் செல்ல எனக்குத் துணிவு வந்தது. இணையத்தில் முன்பதிவு, வாசலில் பதிவு, பெஞ்சுகளில் இடைவெளிக்கான ஒட்டுநாடா, எல்லாரும் சேர்ந்து பாடக்கூடாது. மூன்றாவது வரிசையில் பாட்டி இல்லை. முறை போட்டு வருவதால் இருக்கலாம் என்று தேற்றிக்கொண்டோம். அடுத்தடுத்த முறையும் இல்லை.

அலுவலகத்தில் அம்மா விசாரித்தார். துணிப்பை, சுகுஸ், கொஞ்சம் சாய்ந்த நடை என்று தெரிந்ததையெல்லாம் சொன்னார். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேர் சொன்னீங்கன்னா தேடிப் பார்க்கலாம்மா" என்றார்கள்.

ரோச்சோர் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அம்மா சொன்னார்: "பேரைக் கேக்கவே தோணல. அடுத்த வாரமும் வருவாங்கன்னுதானே இருந்தேன்."

2022ல் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஆலயம் மறுபடி நிறைந்தது. பாட்டு திரும்பியது. பாட்டி திரும்பவில்லை. மகன் வீட்டுக்கோ, இல்லத்துக்கோ போயிருக்கலாம். இல்லை, வேறு எதுவாகவும் இருக்கலாம். ஊடகத்துறை படித்தபோது, ஆயிரம் பேர் கேட்டாலும் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அருகில் இருந்த அந்த ஒருவரிடம் நான் பன்னிரண்டு ஆண்டுகளில் பேசியதெல்லாம் "தேங்க்ஸ் பாட்டி" மட்டும்தான்.

இப்போது அம்மாவின் கைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், கிளம்புவதற்குள் பெயரையும் எண்ணையும் வாங்கிவிடுகிறார். சில இளையர்கள் விழிப்பார்கள். அம்மா விடுவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் 'அக்கா' என்று மட்டும் எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறார்.

தோ பாயோ பக்கம், துணிப்பையில் சுகுஸ் வைத்திருக்கும் ஒரு பாட்டியை உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது வரிசைத் தங்கச்சி கேட்டதாகச் சொல்லுங்கள்.