கார் வரவில்லை

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னைக் கண்டால் இன்னும், "என்ன, கார் எங்கே?" என்று கேட்கிறார்கள். கார் வரவில்லை. பத்தாயிரம் ரூபாய் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று ஒரு தடவை எழுதிவிட்டால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லும் தொல்லை நீங்கும். பழைய வண்டி வாங்க எண்ணியிருப்பவர்க்கும் பயன்படலாம்.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். அந்த வகை 2004-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்தது. பார்வைக்குக் குடும்பஸ்தர் வண்டி, உள்ளேயோ 1.8 லிட்டர் எஞ்சின், டர்போ, 150 குதிரைத் திறன்! பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஊர்ச் சாலையில் அப்படியொன்று என்னைக் கடந்து சென்றது. அந்த ஓசை காதை விட்டு அகலவே இல்லை. ஆகவே, புனேயில் ஒருவரிடம் 2008-ஆம் ஆண்டு வண்டி ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், இரண்டாண்டு உதவித்தொகையில் மிச்சம் பிடித்ததை எண்ணிப் பார்த்தேன். குறைந்ததை அறைத் தோழர் கடனாகத் தர இசைந்தார்.

மாலையில் போனேன். மீட்டர் 1,38,000 கிலோமீட்டர் காட்டிற்று. "ஓட்டிப் பாருங்கள்" என்றார் உரிமையாளர். ஓட்டினேன். டர்போ விழித்துக்கொண்டதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அறிவு அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விட்டது. மறுநாள் வேறொருவர் வருகிறார் என்று அவர் சொன்னதும் பத்தாயிரத்தை முன்பணமாக எண்ணிக் கொடுத்தேன்.

இரவு கோவையில் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமனுக்குத் தொலைபேசியில் பெருமையோடு செய்தி சொன்னேன்.

"ஏண்டா மாப்பிள்ளே, நீ போனபோது எஞ்சின் சூடா, குளிர்ச்சியா?"

"தெரியவில்லை, மாமா."

"டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்களாம்?"

"கேட்கவில்லை."

"அப்படியானால் என்னத்தைத்தான் பார்த்தாய்?"

"ஓட்டிப் பார்த்தேன்."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டேன். ஒன்றரை லட்சம் ஓடியது குற்றமன்று. நெடுஞ்சாலையில் ஓடிய அந்த வண்டி, நகர நெரிசலில் ஐம்பதாயிரம் ஓடியதைவிட நன்றாக இருக்கக்கூடும். பார்க்கவேண்டியது பராமரித்த கணக்கு. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. ஓட்டத்தில் அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து அந்தச் செலவை விலையில் கழிக்கவேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதற்கு எண்ணெய்தான் உயிர். எண்ணெயை நாள் கடத்தி மாற்றினால் அது கெட்டிப்பட்டு, எண்ணெய் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால் கேஸ்கட் போயிருக்கலாம். இவையெல்லாம் குளிர்ந்த எஞ்சினை முதன்முதல் கிளப்பும்போதுதான் நன்றாகத் தெரியும். சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும்.

மறுநாள் விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மூடியின்மேல் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. கிளப்பச் சொன்னேன். சில நொடிகள் கடகடவென்ற ஓசை. பின்னால் நீலப் புகை. ஆர்.சி. ஒழுங்காக இருந்தது, 2023-இல் புதுப்பித்திருந்தார்கள், சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போயிற்று. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு பட்டறையின் சீட்டு ஒட்டியிருந்தது: எண்ணெய் மாற்றியது 2021, கிலோமீட்டர் 1,71,000.

சீட்டைச் சுட்டிக்காட்டினேன். மீட்டர் பழுதாகி மாற்றியதாகச் சொன்னார். பில் கேட்டேன், இல்லை. உடனே நாற்பதாயிரம் குறைப்பதாகச் சொன்னார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அப்போதும் வாங்கிவிடத்தான் நினைத்தேன். பெல்ட் மாற்றலாம், டர்போவைப் பழுது பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. மாமாவை அழைத்தேன். "வண்டியைச் செப்பனிடலாமடா. அந்த ஆள் இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாரோ, அதற்கு என் பட்டறையில் கருவி இல்லை" என்றார். முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொன்னார். நகர பஸ் ஏறி விடுதிக்குத் திரும்பினேன்.

இப்போது வேறொன்று இருப்பதாகத் தகவல். 1,90,000 கிலோமீட்டர் ஓடியதாம். ஆனால் பில்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றனவாம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போகிறேன். நான் வரும்வரை எஞ்சினைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பணம் பெட்டியில் இருக்கிறது; பெட்டிச் சாவி அறைத் தோழரிடம்.