அப்பாவுக்கு மட்டும் வராத வயலின்

1/ டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, பழைய ஸ்டீரியோ செட்டுகளைத் திறந்து ரிப்பேர் பண்றது என் பொழுதுபோக்கு. அப்படி ஒரு செட்டு எங்க அப்பாவைப் பத்தி எனக்கு ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்துச்சு. உங்க வீட்டுக்கும் தேவைப்படலாம். பொறுமையா படிங்க.

2/ 80களில் மாமா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன். பல வருஷமா பரண்ல கிடந்தது. திறந்தா, கேசட்டைச் சுத்துற ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கு. பழைய டெக்குகள்ல இது சகஜம். ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமா துடைச்சிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின புது பெல்ட் போட்டேன். வால்யூம் திருகும்போது வந்த கரகர சத்தம், கான்டாக்ட் கிளீனர் அடிச்சதும் போச்சு.

3/ அடுத்து கெபாசிட்டர். உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் காலப்போக்குல காஞ்சுடும். அப்போ ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் வரும். மாத்தும்போது மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கணும். வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம். பிளஸ், மைனஸ் மாறினா வெடிக்கும்.

4/ டாக்டரா ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய ஆம்ப்ளிஃபயர் கெபாசிட்டர்கள்ல சார்ஜ் நிக்கும். ரெசிஸ்டர் வெச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பார்த்துட்டுத் தொடுங்க. முதல் தடவை சீரிஸ் லாம்ப் வழியா கரண்ட் கொடுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சுகிட்டே இருந்தா உள்ள ஷார்ட்.

5/ செட்டு பாடுச்சு! அப்பா கண்ணை மூடிக் கேட்டார். “எல்லாம் சரிடா, வயலின் மட்டும் வரல.” ஹெட்டைத் துடைச்சேன், அலைன்மென்ட் பார்த்தேன், ட்வீட்டரைக்கூட மாத்தினேன். எங்க எல்லாருக்கும் வயலின் கேட்டுச்சு. அப்பாவுக்கு மட்டும் வரல.

6/ அப்பதான் பொறி தட்டுச்சு. போன்ல 8,000 ஹெர்ட்ஸ் சத்தத்தைப் போட்டேன். என் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டா. அப்பா, “இன்னும் ஆன் பண்ணலையா?”ன்னார்.

7/ டிவி சத்தத்தைப் பத்தி அம்மா ரெண்டு வருஷமா புலம்பினாங்க. “நீங்கல்லாம் முணுமுணுக்கிறீங்க”ன்னு அப்பா சொன்னப்போ நாங்க சிரிச்சோம். விசேஷ வீட்ல தனியா போய் உட்காருவார், வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம். தினமும் நூறு பேரைப் பார்க்கிற நான், வீட்ல ஒருத்தரைப் பார்க்கல.

8/ வயசாகும்போது உச்ச ஒலிகள்தான் முதல்ல போகும். ஸ, ஷ, ஃப எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனாலதான் ‘சத்தம் கேக்குது, பேச்சு புரியல’ன்னு சொல்வாங்க.

9/ ஒவ்வொரு உட்காதுலயும் ஒலியை உணர்ற செல்கள் சுமார் 15,000 இருக்கு. போனா திரும்ப முளைக்காது, ரிச்சி ஸ்ட்ரீட்லயும் ஸ்பேர் கிடைக்காது. இளைஞர்களே, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஹெட்போனைக் கொஞ்சம் குறைங்க.

10/ வீட்ல பெரியவங்க “என்ன? என்ன?”ன்னு கேட்டா எரிஞ்சு விழாதீங்க. காதுல எண்ணெயும் ஊத்தாதீங்க. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சில நேரம் அது வெறும் அழுக்கா இருக்கும். இல்லன்னா ஆடியோகிராம் எடுத்தா தெரிஞ்சுடும். திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா அது அவசரம், அன்னைக்கே போங்க.

11/ அப்பாவுக்கு இப்போ ரெண்டு காதுலயும் ஹியரிங் எய்ட். பழகச் சில வாரம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை கேசட் போட்டேன். முகத்தைச் சுளிச்சார். “என்னடா, ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருது? சரியா ரிப்பேர் பண்ணலியா?”

அது டேப்போட இரைச்சல் பா. எப்பவுமே இருந்ததுதான்.