வாப்பாவின் மணிக்கட்டில் ஒரு கடிகாரம்

வாப்பாவுக்குக் காது மந்தமாகி நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. செவிக்கருவி வாங்கிக் கொடுத்தோம், மறுக்காமல் அணிந்துகொண்டார்கள். ஆனால் உளூச் செய்யும்போது அதைக் கழற்ற வேண்டும், உறங்கும்போதும் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் பாங்கோசை எட்டாது. கீழக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் பள்ளிவாசலின் மினாரா தெரியும்; அவ்வளவு அருகில் இருந்தும் இந்த நிலை.

உம்மா இருந்தவரையில் குறை தெரியவில்லை. ஃபஜ்ருக்குத் தோளைத் தொட்டு எழுப்புவார்கள். உம்மா வஃபாத்தான பின், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் போகிற வழியில் கதவைத் தட்டிவிட்டுப் போனார். அந்த ஓசையும் கேட்காத நாள்கள் வந்தன. இரண்டு முறை ஜமாஅத் தவறியதும் வாப்பா நிம்மதியாக உறங்குவதையே விட்டுவிட்டார்கள் என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று மணிக்கே எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்களாம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். தொலைபேசியில் கேட்டால், "நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

அப்போதுதான் ஸ்மார்ட் வாட்ச் வாங்கும் எண்ணம் பிறந்தது. செவியால் கேட்க இயலாததை மணிக்கட்டால் உணரலாம் அல்லவா? தொழுகை நேரம் வந்ததும் கடிகாரம் அதிரும். யாரையும் நம்பியிராமல் தாமே எழுந்துகொள்ளலாம். ஐப்பசி விடுமுறையில் ஊருக்குப் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றிரவே இருவரும் அமர்ந்து அதில் ஒவ்வொரு செயலியாக ஏற்றினோம். தொழுகை நேரம், கிப்லா திசை, தஸ்பீஹ் எண்ணும் கருவி, ஹிஜ்ரி நாள்காட்டி, இரத்த அழுத்த மாத்திரைக்கான நினைவூட்டல், இதயத் துடிப்பு, கீழே விழுந்தால் எங்களுக்குச் செய்தி அனுப்பும் வசதி, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை எங்கள் கைப்பேசியில் காட்டும் வசதி. நள்ளிரவு வரை இந்த வேலை நடந்தது. வாப்பா அருகில்தான் இருந்தார்கள். அவர்களிடம் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் போனபோது வாப்பாவின் முழங்காலில் ஒரு கட்டு இருந்தது. "படியில கொஞ்சம் வழுக்கிடுச்சு" என்றார்கள். மழை பெய்து ஈரமாயிருந்த பள்ளிவாசல் படியில், ஃபஜ்ருக்கு அவசரமாக ஏறும்போது கால் தவறியிருக்கிறது. எதற்கு அவசரம்? கடிகாரம் தாமதமாக எழுப்பியிருக்கிறது. ஒரு நாள், இரு நாள் அல்ல, தினமும். எங்கள் பள்ளிவாசலில் பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையில் இருபது நிமிடங்கள். கடிகாரம் அதிரும்போது அவற்றில் பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்திருக்கும். எஞ்சிய எட்டு நிமிடத்தில் எழுந்து, உளூச் செய்து, தெருவைக் கடந்து, முன் ஸஃப்பில் நிற்க வேண்டும். எழுபதைத் தாண்டிய மனிதர் அப்படித்தான் ஒரு மாதம் ஓடியிருக்கிறார்கள்.

செயலியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது வைகறை தொடங்குகிறது என்பதை வைத்தே செயலிகள் ஃபஜ்ர் நேரத்தைக் கணக்கிடுகின்றன. கராச்சி முறையிலும் உலக முஸ்லிம் லீக் முறையிலும் அது 18 பாகை. எகிப்திய முறையில் 19.5, வட அமெரிக்க அமைப்பின் முறையில் 15. எங்கள் செயலி, யாரும் மாற்றாததால், வட அமெரிக்க முறையிலேயே நின்றிருந்தது. மூன்று பாகை வேறுபாடு நம் பகுதியில் பன்னிரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். எங்கள் பள்ளிவாசலின் சுவரில் தொங்கும் வக்து அட்டவணை 18 பாகைக் கணக்கோடு பொருந்துகிறது. அந்த அட்டவணையை ஒரு முறை பார்த்து ஒப்பிட்டிருந்தால் போதும். சிறு வயது முதல் நாங்கள் கண்டுவந்த அட்டவணைதான் அது.

அஸரின் கதை வேறு. எங்கள் குடும்பங்கள் இரண்டும் இரு மத்ஹபைச் சேர்ந்தவை. கடலோர ஊர்க்காரர் ஷாஃபி, மற்றவர் உள்நாட்டு ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் இதனால் ஒரு பேச்சும் வந்ததில்லை. ஆனால் செயலியை அமைக்கும்போது, அஸருக்கு எந்த முறை என்று அது கேட்ட இடத்தில், எங்களில் ஒருவரின் விரல் பழக்கத்தால் ஹனஃபியைத் தொட்டுவிட்டது. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்கு இருக்கும் நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபி முறைப்படி அஸர் தொடங்குகிறது. இரு மடங்காகும்போது ஹனஃபி முறைப்படி. நம் ஊர்களில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளி. ஐப்பசியில் மூன்றரை மணிக்கு முன்பே எங்கள் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லிவிடுவார்கள். கடிகாரமோ நாலேகாலுக்கு அதிர்ந்திருக்கிறது.

"அஸருக்கு எப்படிப் போனீங்க, மாமா?" என்று மருமகள் கேட்டதற்கு வாப்பா சிரித்தார்கள். "தொழுதுட்டு வந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கும்போது அது அதிரும். சரி, உங்க ஊரு வக்துக்கு அதிருதுன்னு விட்டுட்டேன்."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். பதில் சொல்லாமல் பேரனைக் கூப்பிட்டு ஏதோ பேசத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளில் குறை சொல்வதைவிட ஓடிப்போய் ஜமாஅத்தைப் பிடிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

இந்த முறை வாப்பாவை நடுவில் அமர வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினோம். கையில் வக்து அட்டவணை. முதலில் கணக்கு முறையை மாற்றினோம், பிறகு அஸர். அதன் பின்னும் ஓரிரு நிமிட வேறுபாடு இருந்தது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு வக்துக்கும் தனித்தனியாக நிமிடங்களைக் கூட்டவும் குறைக்கவும் செயலியிலேயே இடம் உண்டு. ஊரையும் நாமே கீழக்கரை என்று குறித்தோம். பயணம் செய்யாதவருக்கு அதுவே போதும். பயணம் செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பதின்மூன்று நிமிடங்கள் வேறுபடும். சென்னை நேரத்தை மாற்றாத கடிகாரத்தை நம்பிக் கோவையில் நோன்பு திறப்பவர், சூரியன் மறையுமுன்பே திறந்துவிடுவார்.

ஊரைக் கையால் குறித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகெங்கும் முஸ்லிம்கள் பயன்படுத்தும் தொழுகைச் செயலி ஒன்று, பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரவு வணிக நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது என்றும், அந்நிறுவனம் வழியாக அது அமெரிக்க இராணுவத் தொடர்புள்ள ஒப்பந்ததாரர்களைச் சென்றடைந்தது என்றும் 2020ஆம் ஆண்டில் செய்தி வெளியானது. செயலி நிறுவனம் அந்தத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. தொழுகை நேரம் சொல்வதற்கு ஊரின் பெயர் தெரிந்தால் போதும். எந்நேரமும் நாம் நிற்கும் இடம் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, ஃபஜ்ர் அதிர்வு சில நாள்களில் வரவே இல்லை என்று வாப்பா இப்போதுதான் சொன்னார்கள். அந்நாள்களில் பழையபடி மூன்று மணிக்கு எழுந்தார்களோ என்னவோ. இதற்கும் காரணம் இருந்தது. உறக்க நேர முறை இயக்கத்தில் இருந்தால் செயலிகளின் அறிவிப்புகளைக் கடிகாரம் அடக்கிவிடும். அலாரத்தை மட்டும்தான் அனுமதிக்கும். நாம் ஒன்றென்று நினைக்கும் அறிவிப்பும் அலாரமும் அதற்கு வெவ்வேறு. ஆகவே ஃபஜ்ருக்கு மட்டும் கடிகாரத்தின் சொந்த அலாரத்தையே வைத்தோம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அட்டவணையைப் பார்த்து நேரத்தை மாற்ற வேண்டும். அதைப் பேரன் ஏற்றுக்கொண்டான், காணொளி அழைப்பில் சொல்லிக்கொடுப்பானாம். வேறு சில செயலிகள் கடிகாரத்தில் இயங்குவதே இல்லை. கைப்பேசியில் வரும் அறிவிப்பையே அங்கே காட்டுகின்றன. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனால் அதிர்வும் வீட்டிலேயே நின்றுவிடும். வாங்குமுன் இதைக் கேட்டறிவது நல்லது. விலை குறைந்த கைப்பட்டைகளில் செயலி ஏற்றும் வசதியே இருக்காது. ஆனால் அவற்றிலும் அதிரும் அலாரம் உண்டு, ஃபஜ்ருக்கு அது போதும். மற்றொன்று, இரவில் சார்ஜ் போடும் பழக்கம். கடிகாரம் மேசையில் கிடந்தால் யாரை எழுப்பும்? இஷாத் தொழுது வந்து, உண்டு முடித்துப் படுக்கும் வரையில் சார்ஜ் போடுவது என்று முடிவாயிற்று.

கிப்லாச் செயலியை வாப்பாவே நீக்கச் சொன்னார்கள். "எழுபது வருஷமா இந்த வீட்டுல கிப்லா எங்கேயும் போகலையே" என்றார்கள். நியாயம்தான். பயணத்தில் அது உதவும். நம் கரையோரத்தில் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே இருபது பாகைக்கு மேல் சாய்ந்தது. ஆயினும் இரும்புக் கட்டிலின் அருகிலும், காந்தப் பூட்டு உள்ள வார்களோடும் அந்தத் திசைகாட்டி தடுமாறும்.

தஸ்பீஹ் எண்ணும் கருவியும் போயிற்று. விரல்களால் எண்ணுமாறும், அவை மறுமையில் பேசும் என்றும் நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்கு அறிவுறுத்தியதாக அபூதாவூதில் வரும் செய்தியை உம்மா அடிக்கடி நினைவூட்டுவார்களாம். அதனால் வாப்பாவும் விரலிலேயே எண்ணுகிறார்கள். ஹிஜ்ரி நாள்காட்டி மட்டும் நின்றது. அது சவூதிக் கணக்கைப் பின்பற்றி ஒரு நாள் முந்தியே ஓடியது. நம் பகுதிப் பிறை அறிவிப்புக்கு ஏற்ப ஒரு நாள் குறைத்து வைத்தோம்.

தொழுகையின்போது நேரும் இடையூறுகள் தனி. தக்பீருக்குக் கையை உயர்த்தினால் திரை ஒளிரும். அத்தஹிய்யாத்தில் அமர்ந்திருக்கும்போது, வெகு நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள், எழுந்து நில்லுங்கள் என்று நினைவூட்டும். கையை உயர்த்தினால் ஒளிர்வது, எழச் சொல்வது இரண்டையும் நிறுத்தினோம். உளூவின்போது திரையில் விழும் நீர்த்துளிகளே விரல்போல் எதையாவது அழுத்திவிடுகின்றன. நீர் மணிக்கட்டின் தோலில் பட வேண்டும் என்பதால் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஹவுளின் விளிம்பில் வைத்து மறந்துவிட்டு வந்த நாளும் உண்டு. மோதினார் எடுத்து வைத்திருந்தார்.

இறுதியாக எஞ்சியது, எங்களுக்கு மிக முக்கியமென நாங்கள் எண்ணியிருந்த வசதி. வாப்பா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்கள்: "நான் எங்கே போறேன், வர்றேன்னு மெட்ராஸ்ல தெரியுதாமே?"

பேரன் உளறியிருக்கிறான். தெரியும் என்றோம். கபுறுஸ்தானுக்குப் போவதும் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும். உம்மாவின் கபுறுக்கு வாரத்தில் மூன்று, நான்கு நாள் போகிறார்கள் என்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "இவ்வளவு போகிறார்களே" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதும் உண்மை. அதை அவர்களிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. விழுந்தால் செய்தி அனுப்பும் வசதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். இருப்பிடம் காட்டும் வசதியை அவர்கள் கண்முன்னே நிறுத்தினோம். எங்களில் ஒருவருக்கு இதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. முழங்கால் கட்டைப் பார்த்த கண்ணுக்கு அச்சம் போவதில்லை.

நேரத்தைக் கணிப்பது நம் சமூகத்துக்குப் புதிதன்று. தமஸ்கு நகரின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாதிர், 1371ஆம் ஆண்டில் அதன் மினாராவுக்கென ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். அந்த ஊரின் சூரியனுக்கென்று அமைந்த கடிகாரம் அது. நாங்கள் கொண்டுபோனதோ கீழக்கரைக் கையில் அமெரிக்க வைகறை.

அன்றிரவு அடுத்த அறையில் படுத்திருந்தோம். பாங்குக்குச் சற்று முன்னால், கதவு திறந்திருந்ததால், கட்டில் மரத்தில் கடிகாரம் உரசி அதிரும் மெல்லிய ஓசை கேட்டது. விளக்கு எரிந்தது. தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. பிறகு, நிதானமாகத் திண்ணையைக் கடந்து போகும் செருப்போசை. அதற்குப் பின்பே மினாராவிலிருந்து பாங்கு ஒலித்தது.

ஊரைவிட்டுப் புறப்படும்போது வாப்பா ஒரு மாற்றம் மட்டும் கேட்டார்கள். அஸருக்கு அதிர்வு வேண்டாமாம். நிறுத்திவிட்டோம். திண்ணைத் தூணின் நிழலைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள்.