அப்பாவும் மகனும் செஞ்ச கிடார்

கிடாருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாதஸ்வரம், தவில், உறுமி இதெல்லாம்தான் நம்ம காது பழகினது. ஆனா சின்னவன் சொன்ன ஒரு கிடாரோட கதை மனசைவிட்டுப் போக மாட்டேங்குது. உங்ககிட்டயும் சொல்லிடறேன்.

இங்கிலாந்துல பிரையன் மேன்னு ஒரு பையன். 1963-ல அவனுக்கு 16 வயசு. எலக்ட்ரிக் கிடார் மேல ஆசை, கடையில வாங்க வசதியில்லை. அவங்க அப்பா ஹரால்ட், எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர், கைவேலையும் நல்லா வரும். நாமளே செஞ்சுடலாம்னு ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க. முடிக்க ஏறக்குறைய ரெண்டு வருசம் ஆச்சு.

போட்ட சாமானைக் கேட்டா நம்ம ஊர்ப் பட்டறை ஞாபகம் வரும். கழுத்துக்கு, குளிர்காயுற அடுப்பைச் சுத்தி இருந்த நூறு வருசத்துக்கும் மேல பழைய மகோகனி மரம். பூச்சி அரிச்ச ஓட்டையைத் தீக்குச்சி வெச்சு அடைச்சாங்க. உடம்புக்குப் பழைய மேசையோட ஓக் பலகை. தந்தியைத் தளர்த்தி இழுத்துச் சத்தத்தை நெளிய வைக்கிற விசைக்கு, 1928 பாந்தர் மோட்டார் சைக்கிளோட வால்வு ஸ்பிரிங் ரெண்டு. அதை ஆட்டுற கைப்பிடி, சைக்கிள்ல பை தாங்குற கம்பி. அதோட நுனிக்கு அம்மா ஸ்வெட்டர் பின்னுற ஊசி. விரல் வைக்கிற பலகையில வெள்ளைப் புள்ளிக்கு அம்மாவோட சிப்பிப் பொத்தான். தந்தி அதிர்வை மின்சாரமாக்குற பிக்கப் மூணையும் கடையில வாங்கினாங்க. 'ரெட் ஸ்பெஷல்'னு பேரு. குயீன் பாட்டுக்குழுவுல அவர் வாசிச்சது அதைத்தான். 2002-ல ராணி அரண்மனை மொட்டை மாடியில நின்னு வாசிச்சதும் அதேதான்.

சின்னவன் எட்டாவது படிக்கிறப்போ நாங்களும் ஒண்ணு செஞ்சோம், களைவெட்டுற வண்டி. பழைய சைக்கிளோட முன்சக்கரம், ஹேண்டில்பார், லாரிப் பட்டையில அடிச்ச கொழு. இன்னிக்கும் கடலைக்காட்டுல அதுதான் ஓடுது. எந்த போல்ட் எப்போ லூசாகும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். விலைக்கு வாங்கின தெளிப்பான் நின்னா மெக்கானிக்கைத் தேடி ஓடணும். நாமளே கோத்ததுக்கு அந்தப் பயம் இல்லை.

இப்போ அவனுக்கு நகரத்துல வேலை. இடிஞ்ச பழைய வீட்டுத் தேக்கு உத்திரம் தொழுவத்து ஓரமா கிடக்குது. "அதுல ஒரு துண்டு குடுப்பா, நானும் கிடார் செய்யணும்"னு கேட்டான். குடுக்கலாம், மரம் பெருசில்லை. கூடவே இன்னொண்ணும் சொன்னான். வேலையை விட்டுட்டுப் பாட்டுக்குழுவோட போகப் போறானாம்.

அந்த ஹரால்டுக்கும் இதேதான் நடந்திருக்கு. மகன் விண்வெளித் தூசி பத்தின முனைவர் ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டுக் குழுவோட கிளம்பினப்போ மனுசன் நொந்துட்டார். கூட நின்னு கிடார் செஞ்சு குடுத்த கை அவரோடது, ஆனா அது இழுத்துட்டுப் போன வழி பிடிக்கலை. அப்புறம் நியூயார்க்ல கூட்டத்தோட கூட்டமா உக்காந்து மகன் வாசிக்கிறதைப் பார்த்தாரு. அதுக்கப்புறம்தான் சமாதானமானாரு. மகன் 2007-ல அந்த முனைவர் பட்டத்தையும் முடிச்சுட்டாரு. பார்க்க அப்பா இல்லை.

சின்னவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. வேலைன்னா மாசம் பொறந்தா சம்பளம். பாட்டுன்னா வானம் பார்த்த பூமி, அந்தப் பொழப்பு எனக்குத் தெரியும். உத்திரத்தை மட்டும் மழையில நனையாம திண்ணைக்கு ஏத்தி வெச்சிருக்கேன்.