இரண்டு கோடுகள்

கணக்குப் புத்தகத்துக்குக் கதை எழுதுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர்கள் கதையில் வர்ணனை கிடையாது. பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. "ஒருவன் சில பேனாக்களும் சில பென்சில்களும் வாங்கினான்" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாவது வாக்கியத்தில் மர்மத்தை வைப்பார்கள். மூன்றாவதில், "எனில், விலை என்ன?" என்று நம்மை மடக்கிவிடுவார்கள். முந்நூறு பக்கம் எழுதுகிற என்னால் வாசகரை அப்படிப் பிடித்து உட்காரவைக்க முடிகிறதா, என்ன?

இந்த இலக்கியம் நேற்றுப் பிறந்ததல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியார் என்ற ஜைனர் 'கணித ஸார ஸங்கிரஹம்' என்று ஒரு நூல் செய்தார். சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் ஸம்ஸ்கிருதப் பேராசிரியராக இருந்த ரங்காசாரியார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னை அரசாங்கம் 1912-ல் அச்சிட்டது. அதில் ஒரு பழக்கடைக் கணக்கு வருகிறது. ஒன்பது நார்த்தம்பழமும் ஏழு விளாம்பழமும் சேர்ந்து விலை 107. ஏழு நார்த்தம்பழமும் ஒன்பது விளாம்பழமும் என்றால் 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கிராப் காகிதத்தில் கோடு போட்டு விடை காணும் பாடம் அவளுக்கு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கணக்கை அவளிடம் கொடுத்தேன்.

"குறுக்கே நார்த்தம்பழ விலை, நெடுக்கே விளாம்பழ விலை, சரிதானே, மாமா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

முதல் வாக்கியத்தை மட்டும் நம்பினால் நார்த்தை 1, விளா 14 என்று சொல்லலாம். 8, 5 என்றும் சொல்லலாம். பின்னங்களையும் சேர்த்துக்கொண்டால் விடைக்கு முடிவே இல்லை. அத்தனை விடைகளுக்கும் புள்ளி வைத்தால் அவை ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கின்றன. இரண்டாவது வாக்கியத்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் சம்மதமான இடம் ஒன்றே ஒன்று: கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி. நார்த்தை 8, விளா 5.

ஆனால் இந்தக் கோடுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வு. பென்சில் மழுங்கியிருந்தால் 8 எது, எட்டேகால் எது என்று தெரியாது. அதனால் விடையைக் கதைக்குள் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். 72-ம் 35-ம் 107. 56-ம் 45-ம் 101. பொருந்துகிறது.

இதை அவள் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "பழ விலை இருக்கட்டும், அண்ணா. மாவு விலைக்கு இது ஆகுமா?" என்றாள்.

வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்க அவள் எண்ணியிருந்தாள். கடையில் கொடுப்பதைவிட மலிவாக, கிலோ 35 ரூபாய்க்குக் கொடுத்தால் தெருவே வந்து வாங்கும் என்பது அவள் கட்சி. கிரைண்டர் கடனும் மின்சாரமும் மாதம் 3,000 ரூபாய். அரிசி, உளுந்து, உறை எல்லாம் கிலோவுக்கு 30. ஒரு நாளைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் அவளால் அரைக்க முடியாது. மாதம் 300 கிலோ.

பெண் புதுக் காகிதம் எடுத்தாள். குறுக்கே கிலோ, நெடுக்கே ரூபாய். செலவுக் கோடு 3,000-லிருந்து கிளம்பி ஏறிற்று. வரவுக் கோடு பூஜ்யத்திலிருந்து புறப்பட்டு அதைத் துரத்திற்று. 35 ரூபாய் விலையில் துரத்தித் துரத்தி 600 கிலோவில்தான் பிடித்தது. அதற்குள் காகிதத்தின் விளிம்பு வந்துவிட்டது.

"அறுநூறா? அதற்கு நான் ராத்திரியும் அரைக்க வேண்டும்" என்றாள் தாயார்.

40 ரூபாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். 300-ல் வெட்டிற்று, மாதம் முழுக்க உழைத்துக் கையில் ஒன்றும் மிஞ்சாது. 45-க்குப் போட்டார்கள், 200. அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 ரூபாய் அவளுடையது.

"முப்பது ரூபாய்க்கே கொடுத்தால், அம்மா?" என்று பெண் விஷமமாக ஒரு கோடு இழுத்தாள். இரண்டும் ரயில் தண்டவாளம்போலச் சேராமல் ஓடின.

இதையே வாயால் நான் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டிருப்பாளா என்பது சந்தேகம். 'எழுதுகிறவருக்கு வியாபாரம் என்ன தெரியும்?' என்று நினைத்திருப்பாள். நியாயந்தான். ஆனால் பெற்ற மகள் போட்ட கோட்டோடு யார் வாதாடுவது?

ஒன்று மட்டும் அந்தக் காகிதம் சொல்லவில்லை. 45 ரூபாய்க்குத் தெரு வாங்குமா? அதற்குக் கோடு கிடையாது. மாவைப் புளிக்காமல் கொடுப்பதும், சொன்ன நேரத்துக்குக் கொடுப்பதும்தான் அதற்கு வழி. அவள் 45 என்றே துணிந்து ஆரம்பித்தாள்.

முதல் மாதம் விற்றது 230 கிலோ. மிச்சம் 450 ரூபாய். அந்தக் காகிதம் இப்போது அவர்கள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாதக் கடைசியில் பெண் அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறாள். போன மாதப் புள்ளி 260-க்குப் பக்கத்தில் இருக்கிறது.