ஏறும்போதா, இறங்கும்போதா?

கம்பெனியில் இருந்து காரோடு வரும் ஈசியுவைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, வெளியில் வாங்கிய ஈசியுவை மாட்டும் ஆசாமிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒருவருக்கு டர்போ ஆசை. இன்னொருவருக்குப் பழைய கார்பரேட்டர் எஞ்சினில் இன்ஜெக்‌ஷன் வைக்க வேண்டும். 2001-இல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவிர்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே சால்டரிங் வைத்துச் செய்துகொள்ளலாம். விலையும் கம்மி. அப்புறம் கேட்க வேண்டுமா, கூட்டம் பெருத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் பலர் இக்னிஷன் காயிலைக் கருக்கியவர்கள். வயரிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தப்பு மென்பொருளில் இருக்கும் ஒரே ஒரு மெனுவில்.

அது என்ன மெனு என்று சொல்வதற்கு முன்னால், காயில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உண்டிவில் தெரியும்தானே? ரப்பரை இழுக்கும்போது கல் போகாது, கையை விட்டால்தான் போகும். காயிலும் அப்படித்தான். பேட்டரியின் 12 வோல்ட் உள்ளே பாயும்போது காந்தப்புலம் ஏறிக்கொண்டே இருக்கும், பொறி வராது. அந்தக் கரண்டை வெடுக்கென்று நிறுத்தும் நொடியில்தான் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்டும். இழுத்துப் பிடிக்கிற நேரத்துக்கு ட்வெல் என்று பெயர். சுமாராக 3 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழுத்து விடுகிற வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர் சில காயில்களுக்கு உள்ளேயே இருக்கும். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 எஞ்சினில் 8 சிலிண்டருக்கு 8 காயில், எல்லாமே இந்த ரகம். ஈசியு 5 வோல்ட் சிக்னல் கொடுத்தால் சார்ஜ், சிக்னல் இறங்கினால் பொறி. டொயோட்டா காயில்களும் இப்படித்தான், ஆனால் அதில் 'பொறி வந்தது' என்று ஈசியுவுக்குத் திருப்பிச் சொல்ல ஐஜிஎஃப் என்று ஒரு வயர் கூடுதல். வெறும் இரண்டு பின் மட்டும் உள்ள காயில் என்றால் உள்ளே ஒன்றும் கிடையாது, இக்னைட்டர் தனியாக வேண்டும். அதை நேராக 5 வோல்ட் வயரில் கொடுத்தால் ஈசியு காலி.

இப்போது அந்த மெனு. சிக்னல் ஏறும்போது பொறியா, இறங்கும்போது பொறியா என்று ஈசியுவுக்குச் சொல்ல வேண்டும். தலைகீழாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது என்றுதானே நினைப்பீர்கள். சனியன், ஸ்டார்ட் ஆகிவிடும்! அதுதான் சிக்கலே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈசியு 'சார்ஜ் பண்ணு' என்று நினைக்கிற இடத்தில் சிக்னல் இறங்குகிறது. காயில் அங்கேயே பொறி தட்டிவிடும். அதாவது ஒரு ட்வெல் நேரம் முன்னதாக. 1000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 60 மில்லிசெகண்ட், அதில் 3 என்றால் 18 டிகிரி. பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி இருக்கும்போது வர வேண்டிய பொறி 28-இல் வரும். ஐடிலில் எஞ்சின் முனகிக்கொண்டாவது ஓடும். 6000 ஆர்பிஎம்மில் அதே 3 மில்லிசெகண்ட் 108 டிகிரி. 30-இல் வர வேண்டியது 138-இல் வரும். பிஸ்டன் அடியில் இருந்து மேலே கிளம்பியே கொஞ்ச தூரம்தான் ஆகியிருக்கும்.

ஐடிலில் டைமிங் லைட் அடித்துப் பார்க்கிறவர் என்ன செய்வார்? 18 டிகிரி தள்ளி இருக்கிறது, சரி, மென்பொருளில் 18-ஐக் கழித்துவிடுவோம் என்று கழித்துவிடுவார். குறி கச்சிதமாகப் பொருந்திவிடும். பி.காம் மக்களுக்கு இது புரியும். டெபிட்டையும் கிரெடிட்டையும் முழுசாக மாற்றிப் போட்டாலும் ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகும் இல்லையா, அந்த மாதிரி :-) 6000-இல் பொறி இன்னமும் 120-இல்தான்.

காயிலின் நிலைமை இன்னும் மோசம். 3 மில்லிசெகண்ட் சார்ஜ் ஆகி மீதி நேரம் ஓய்வெடுக்க வேண்டியது, 3 மில்லிசெகண்ட் மட்டும் ஓய்வெடுத்து மீதி நேரம் முழுக்க சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். 0.5 ஓம் உள்ள காயிலில் தடுக்க எதுவும் இல்லையென்றால் 12-ஐ 0.5-ஆல் வகுத்து 24 ஆம்பியர் வரை போகப் பார்க்கும். சாவியை மட்டும் ஆன் செய்து வைத்திருந்தாலே போதும், எஞ்சின் சுற்றக்கூட வேண்டாம், காயில் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

இதில் பெயர்க் குழப்பம் வேறு. அதே எல்எஸ் காயிலுக்கு ஹால்டெக்கில் 'ஃபாலிங்' என்று போட வேண்டும், மெகாஸ்குவிர்ட்டில் 'கோயிங் ஹை'. முதலாவது பொறி வரும் இடத்தைச் சொல்கிறது, இரண்டாவது சார்ஜ் ஆகும் நிலையை. இரண்டும் ஒன்றுதான், பெயர் வைத்தவர்களைத்தான் உதைக்க வேண்டும். போதாததற்கு, எம்எஸ்டி 6ஏ பெட்டியின் வெள்ளை வயர் பழைய பிளாட்டினம் பாயிண்ட் இருந்த இடத்தில் சேர்வது. பாயிண்ட் திறந்து வோல்டேஜ் ஏறும்போதுதான் அதற்குப் பொறி.

அதனால் பெயரை நம்பாமல் மீட்டரை நம்புவது உத்தமம். காயில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்து சிக்னல் வயரை அளந்து பாருங்கள். எல்எஸ் ரகக் காயில் என்றால் 0 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 5 காட்டினால் காயிலை மாட்டவே மாட்டாதீர்கள்.

எஞ்சின் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் இன்னொரு சோதனை. மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, ஐடிலில் ஒரு தடவை, 3000 ஆர்பிஎம்மில் ஒரு தடவை டைமிங் லைட் அடியுங்கள். குறி ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தால் பரவாயில்லை, அது வேறு சமாச்சாரம். ஐடிலில் 28 காட்டியது 3000-இல் 64-க்கு ஓடினால் உடனே சாவியை அணைத்துவிட்டு மெனுவை மாற்றுங்கள். காயிலைக் கொஞ்ச நேரம் தொடாதீர்கள், கை சுட்டுவிடும்.